ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்

சிறுநீரகப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் அரை நாள் உட்கார்ந்தால் ஒரு விஷயம் தானாகக் கண்ணில் படும். டயாலிசிஸ் செய்து செய்து ரத்தக்குழாய் கயிறுபோலத் தடித்துப்போன கையோடு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். பக்கத்து நாற்காலியில் ரிப்போர்ட் ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டியபடி இருப்பவர் அவருடைய மனைவி. இல்லையென்றால் அம்மா. "கிட்னி யாரும்மா குடுக்குறாங்க?" என்று யாராவது விசாரித்தால், "நான்தான். வேற யாரு இருக்கா?" என்று பதில் வரும். சொல்லும் குரலில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது. சாயங்காலம் தண்ணீர் பிடித்து வைப்பதைப் போல, செய்தே ஆகவேண்டிய இன்னொரு வேலை அது.

தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கைப் பார்த்தால் இது ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் காட்சி இல்லை என்பது புரியும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் 36,640 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. உறுப்பைப் பெற்றவர்களில் 29,695 பேர் ஆண்கள், 6,945 பேர் பெண்கள். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்களுக்கும் மேல். உயிரோடிருக்கும்போதே தானம் செய்தவர்களை எடுத்துக்கொண்டால் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. அங்கே ஐந்தில் நான்கு பேர் பெண்கள்.

இதற்கு உடல் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் ரத்தத்தில், குழந்தை வழியாக வந்த கணவரின் திசுக்களுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருக்கலாம். அதனால் கணவர் தர முன்வந்தாலும் சில சமயம் மனைவிக்குப் பொருந்தாமல் போகும். ஆனால் நாலுக்கு ஒன்று என்கிற வித்தியாசத்தை இந்த ஒரு காரணம் தாங்காது. "அவர் நல்லா இருந்தாத்தானே குடும்பம் ஓடும்" என்பதும், "வேலைக்குப் போற பையன் வயித்தைக் கிழிச்சுக்கிட்டா எப்படி?" என்பதும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. முடிவுகள் இந்தப் பேச்சுகளில்தான் எடுக்கப்படுகின்றன.

பிறப்பில் வரும் உடல் வேறு. ஆண் என்றால் இப்படி இருக்க வேண்டும், பெண் என்றால் இவ்வளவுதான் என்று வீடும் ஊரும் வகுத்துவைத்திருப்பது வேறு. முன்னதைப் பால் என்றும் பின்னதைப் பாலினம் என்றும் ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்வார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் பெண்ணுக்கு மட்டும் வருவது பாலினால். அந்தப் பெண் ஒரு வருஷம் உதிரப்போக்கைச் சொல்லாமல் இருந்துவிட்டு, முற்றிய பிறகு வந்து நிற்பது பாலினத்தால். நோய் தொடங்கிய நாளுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் நடப்பது எதுவும் ஓ.பி. சீட்டில் பதிவாவதில்லை. பல உயிர்கள் போவதும் பிழைப்பதும் அந்த இடைவெளியில்தான்.

குழந்தைகளிடமிருந்தே இது தொடங்கிவிடுகிறது. இதயத்தில் குறையோடு பிறந்து, அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்ட 12 வயது வரையிலான குழந்தைகளை டெல்லியில் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண் குழந்தைகள் 70 சதவீதம், பெண் குழந்தைகள் 44 சதவீதம். ஒரே நோய், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டரின் அறிவுரை. பெண் குழந்தையின் பெற்றோர் தயங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மார்பில் தழும்பு விழுந்தால் நாளைக்குக் கல்யாணம் ஆகுமா என்பது. கல்யாண வயது வரை அந்தக் குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே என்கிற கவலையை, தழும்பு பற்றிய கவலை முந்திக்கொள்கிறது. படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 2016-ஆம் ஆண்டு வெளிநோயாளர் பதிவுகள் 23 லட்சத்துக்கும் மேல். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அவற்றை எடுத்து அலசி 2019-இல் வெளியிட்டார்கள். டெல்லியிலிருந்தே வந்தவர்களில் 100 பெண்களுக்கு 141 ஆண்கள் இருந்தார்கள். பிஹாரிலிருந்து வந்தவர்களில் 100 பெண்களுக்கு 237 ஆண்கள். தூரம் கூடக் கூடப் பெண்கள் குறைந்துகொண்டே போனார்கள். பிஹார் பெண்கள் டெல்லிப் பெண்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரயில் டிக்கெட், கூடப் போக ஓர் ஆள், தங்க ஓர் இடம், அந்தப் பத்து நாளும் வீட்டில் சோறு ஆக்க இன்னொருத்தி. ஒரு பெண் நோயாளி வெளியூர் போக வேண்டுமென்றால் இவ்வளவும் கூடிவர வேண்டும். வராதபோது, "உள்ளூர் டாக்டர் குடுத்த மாத்திரையே போதும்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

இந்தத் தூரத்தை ஒரே ராத்திரியில் கண்ணால் பார்த்தவர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்த இளம்பெண். 1890களின் தொடக்கம். ஒரு ராத்திரி மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் மேல்சாதிக்காரர். மூவருடைய மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிக் கிடந்தது. ஐடாவின் அப்பா டாக்டர். அவரைக் கூட்டிப்போகலாமே என்றால் மூவருக்கும் சம்மதமில்லை. வேற்று ஆண் தொடக்கூடாது. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள்.

அந்த மூன்று பேரையும் கொடுமைக்காரர்களாக நினைத்துவிட்டால் விஷயம் கைநழுவிவிடும். மனைவி பிழைக்க வேண்டும் என்றுதானே நடுராத்திரியில் ஓடிவந்தார்கள்! அன்பு இருந்தது, பதற்றம் இருந்தது, கூப்பிடு தூரத்தில் டாக்டரும் இருந்தார். குறுக்கே நின்றது, ஒரு பெண்ணை யார் தொடலாம் என்கிற ஊர் வழக்கம் மட்டும்தான். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கிக்கொண்டு வேலூர் வந்தார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளர்ந்தது அப்படித்தான். ஆண் மாணவர்கள் அங்கே சேர 1947 வரை ஆனது.

பிரசவத்தில் அதன் பிறகு தமிழ்நாடு வெகுதூரம் வந்துவிட்டது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவமும், 108 ஆம்புலன்ஸும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்குத் தரும் உதவித்தொகையும் சேர்ந்து செய்த காரியம் இது. மசக்கையாக இருக்கிற பெண்ணை இன்று எந்த வீடும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயங்குவதில்லை. அதே பெண் பிள்ளை பெற்ற ஐந்தாம் வருஷம் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால்?

ரத்தசோகையைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களிலும் 53 சதவீதம். இத்தனைக்கும் பெண்களுக்கு அளவுகோல் தாழ்வானது. ஆணுக்கு ஹீமோகுளோபின் 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பார்கள், பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான். கோட்டைத் தாழ்த்திப் போட்டும் இரண்டு பங்குக்கு மேல் நிற்கிறது வித்தியாசம்.

மாதவிலக்கில் போகும் ரத்தம் ஒரு காரணம், அடுத்தடுத்த பிரசவம் இன்னொன்று. மீதி சமையலறையில் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு சாதாரண வீட்டின் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தால் தெரியும். மீன் துண்டுகள் கணவர் தட்டுக்கும் பிள்ளைகள் தட்டுக்கும் போய்விட்டன. முட்டை எண்ணித்தான் வேகவைத்தது. கீரை காலையிலேயே காலி. சட்டியின் அடியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பவள் வீட்டுக்காரி. அப்புறம் அசதி தீர ஒரு டம்ளர் டீ. உண்ட சோற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் அந்த டீ தடுத்துவிடும். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. "நீ கடைசியில் சாப்பிடு" என்று ஒருவரும் சொல்லவுமில்லை. அவளுடைய அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், அவளும் அப்படியே.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையும், கர்ப்பகாலத்தில் தரும் சிவப்பு மாத்திரையும் இதற்காகத்தான். மாத்திரை சாப்பிட்டால் வயிறு பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும். அது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அட்டை காலியாகும். இல்லையென்றால் அது அப்படியே சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும். படியேறினால் மூச்சிரைப்பதையும் துணி துவைத்தால் கண் இருட்டுவதையும் "பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொள்கிற வரை, அது நோய் என்பதே அவளுக்குத் தெரியவராது.

வாழ்நாள் கணக்கு ஒன்று இங்கே பலரைக் குழப்பும். 2016-20 மதிப்பீட்டின்படி இந்திய ஆணின் சராசரி ஆயுள் 68.6 ஆண்டு, பெண்ணுடையது 71.4. அப்படியானால் பெண்தானே ஆரோக்கியமானவள் என்று கேட்கலாம். உலகெங்கும் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அந்தக் கூடுதல் காலத்தில் மூட்டுவலி, ரத்தசோகை, முதுகுவலி, எலும்புத் தேய்மானம் என்று கூடுதல் நோயோடும் வாழ்கிறார்கள். பீடியையே தொடாத பாட்டிக்கு, ஆயுளெல்லாம் பீடி குடித்த தாத்தாவைப் போலவே நெஞ்சு இழுப்பதை ஊர்ப்பக்கம் பார்த்திருக்கலாம். நாற்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதுகுழலை ஊதியவளின் நுரையீரலுக்கு, அந்தப் புகையும் பீடிப் புகையும் ஒன்றுதான்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையில் யார் படுக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் எண்ணாகப் பார்க்கும்போது திகைப்பு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியத் தம்பதிகளில் மனைவி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் மனைவியர் 57 சதவீதத்துக்கும் மேல். மருத்துவப்படி ஆணுக்குச் செய்வதுதான் எளிது. தழும்பில்லா முறையில் தையல்கூட வேண்டாம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அறுபதுகளில் ஆண்கள்தான் பெருவாரியாகச் செய்துகொண்டார்கள். 1975-77 நெருக்கடி நிலையில் ஆண்களைப் பிடித்துப் பிடித்துச் செய்தார்கள். 1976-77 என்ற ஒரே வருஷத்தில் அந்த எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் முன்போலத் திரும்பவில்லை. பாரம் மொத்தமும் சத்தமில்லாமல் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்யப்பட்டது. அடுத்த சில நாளில் அவர்களில் 13 பேர் இறந்தார்கள். முகாம் முறையையே மூன்றாண்டுகளுக்குள் கைவிடும்படி உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. "ஆபரேஷன் பண்ணா அவரால பாரம் தூக்க முடியாது, பலம் போயிடும்" என்கிற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை. அந்தப் பயத்தைப் பெண்களே சொல்லி, கணவரை விலக்கிவிட்டுத் தாங்களே முன்வருவதுதான் இதில் மிகவும் வேதனை.

வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடி, புடவைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்குகிற பெண் ராத்திரி ஒன்பதுக்குத்தான் உட்காருவாள். வாடிக்கையாளர் உட்கார மெத்தை போட்ட நாற்காலி உண்டு, அவளுக்கு ஸ்டூல் கிடையாது. கழிப்பறை தரைத்தளத்திலோ, மொட்டை மாடியிலோ. போக வேண்டுமென்றால் சூபர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் ஆண். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். மாதவிலக்கு நாளில் இன்னும் மோசம். சிறுநீர்த்தொற்று, குதிகால் வலி, காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது எல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து வருபவை. அவளுக்கு மருந்து எழுதித் தரும் டாக்டர் "நிறைய தண்ணி குடிம்மா" என்றுதான் சொல்வார். கடையில் ஒரு ஸ்டூலும் அதே மாடியில் ஒரு கழிப்பறையும் இருந்தால், டாக்டரிடம் வரவேண்டியே இருந்திருக்காது.

கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்கிற பெண், கடைத்தெருப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். கேரள அரசு 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கான திருத்தம் சட்டப்பேரவைக்கு வந்தது. பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பது இப்போது சட்டம். கால்வலி மருந்துக் கடைப் பிரச்சினை இல்லை, முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை என்று முதலில் சொன்னது அந்தப் பெண்கள்தான். அதற்காகவே விஜியின் பெயரை நினைவில் வைக்க வேண்டும்.

வேலை உடம்பின் மேல் எவ்வளவு தூரம் கை வைக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சொல்ல வேண்டும். வறண்ட பூமி. ஆண்டுதோறும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா'. அரிவாளுக்கான மராத்திச் சொல் அது. ஒப்பந்தம் ஆளுக்கில்லை, அரிவாளுக்கு. இருவரில் ஒருவர் ஒருநாள் வராவிட்டால் முன்பணத்தில் அபராதம் பிடிப்பார்கள். வயலில் கழிப்பறையும் இல்லை, துணி மாற்ற மறைவும் இல்லை. மாதவிலக்கு என்பதே நஷ்டக் கணக்காகிவிடுகிறது. 2019-இல் மாநில அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரைக் கணக்கெடுத்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் 13,861 பேர். ஆறில் ஒருவர். முப்பது வயதைச் சுற்றியுள்ளவர்களும் அதில் உண்டு. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போனவர்களிடம், புற்றுநோயாக மாறிவிடும் என்று பயமுறுத்தி எடுத்த கதைகளும் வெளிவந்தன. சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த இளம் வயதிலேயே எலும்பு பலவீனமாகத் தொடங்கும். அந்த உடம்போடு மறுபடியும் கரும்புக்கட்டைத் தலையில் ஏற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாரும் சமமா? மருந்துகளையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. கருவிலிருக்கும் குழந்தைக்குக் கெடுதல் வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். விளைவு, ஆண் உடம்பில் சோதித்த அளவே எல்லோருக்கும் அளவாயிற்று. 1993-இல்தான் பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. சோல்பிடெம் என்கிற தூக்கமாத்திரை இருபது வருஷத்துக்கு மேல் விற்பனையில் இருந்த பிறகு, 2013-இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். பெண்களின் உடலில் அது மெதுவாகக் கரைகிறது, மறுநாள் காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்பது அவ்வளவு தாமதமாகத்தான் கவனத்துக்கு வந்தது.

மாரடைப்பிலும் அப்படித்தான். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவர் எப்போதும் ஆண். பெண்ணுக்கும் நெஞ்சுவலி வரும். கூடவே தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத மூச்சிரைப்பு, சொல்லத் தெரியாத அசதி என்று வேறு வேஷத்திலும் வரும். "மத்தியானம் சாப்பிட்டது சேரல, வாயுப் பிடிப்பு" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஐம்பது வயதைத் தாண்டிய, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள பெண்ணுக்கு இப்படித் திடீரென்று வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இதெல்லாம் பெண்களின் கதை மட்டும் இல்லை. ஆணுக்கென்று ஊர் வகுத்துவைத்த வழியும் ஆட்களைக் கொல்கிறது. காசநோயைப் பாருங்கள். 2022-இல் உலகில் காசநோய் கண்ட ஆண்கள் 58 லட்சம், பெண்கள் 35 லட்சம். புகையும் குடியும் நுரையீரலைப் பலவீனமாக்குகின்றன. இந்தியாவில் புகையிலையை ஏதாவதொரு வடிவில் பயன்படுத்துபவர்கள் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 14 சதவீதம் என்கிறது 2016-17 கணக்கெடுப்பு. அதோடு தூசு நிறைந்த பட்டறை, பத்துப் பேர் படுக்கும் அறை. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு வாரம் இருமினாலும் "ஒண்ணுமில்ல, சளிதான்" என்று கூலி வேலைக்குப் போகிற பிடிவாதம். சளிப் பரிசோதனைக்கு ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. எலும்பும் தோலுமாக, நடக்க முடியாமல் வந்து சேர்ந்தவர்களை மாத்திரை மட்டும் காப்பாற்றாது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்த உடனே எடை, மூச்சு, நிற்கும் வலு மூன்றையும் பார்த்து, மோசமானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறது. பெண்ணுக்கு அதே நோய் வந்தால் கதை வேறு மாதிரி. கல்யாணமாகாதவள் என்றால் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள்.

அழக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். நூற்றுக்கு 72 பேருக்கு மேல் ஆண்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகள் 42,004 பேர். கடன், வேலையின்மை, குடும்பத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்கிற அவமானம் இவற்றை வெளியே சொல்ல ஆணுக்கு இடம் இல்லை. டீக்கடையில் அரசியல் பேசலாம், பயத்தைப் பேச முடியாது. அதே ஆண்டு இறந்த பெண்கள் 45,026 பேரில் 23,178 பேர் இல்லத்தரசிகள், பாதிக்கும் மேல். அவர்களுடைய துயரம் நான்கு சுவருக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துபோகிறது. 104 என்ற எண்ணையோ, டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையோ கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். இந்த எண்கள் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டப்படும் வீடுகள் பெருக வேண்டும்.

ஆண், பெண் என்ற இரண்டு வரிசைக்குள்ளும் வராதவர்களின் நிலை இன்னும் கடினம். திருநங்கை ஒருவர் காய்ச்சலென்று போனால், எந்த வார்டில் படுக்க வைப்பது என்கிற கேள்வியிலேயே சிகிச்சை நின்றுவிடும். தமிழ்நாடு 2008-இல் நாட்டிலேயே முதலாக அவர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. பால்மாற்று அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் செய்யப்படுகிறது. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கூசாமல் போய்வர ஓர் இடம் வேண்டும் என்பது இன்னும் பலருக்குக் கைகூடாத ஆசை.

வாசல் வரை வரமுடியாதவர்களிடம் வாசலையே கொண்டுபோனால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, கொண்டுவருபவர் அதே பகுதியைச் சேர்ந்த பெண். "அக்கா, போன மாச மாத்திரை மிச்சமிருக்கே, ஏன் சாப்பிடல?" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்ட பத்து விஷயம் வெளியே வரும்.

இதற்கு இருபது வருஷம் முன்பே திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொன்று நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய லேப் எதுவும் வேண்டாம், புளிக்காடி போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் போதும், சந்தேகப்படும் இடம் வெள்ளையாகத் தெரியும். இந்த எளிய முறை உயிரைக் காக்குமா என்று 2000-இல் அங்கே சோதிக்கத் தொடங்கினார்கள். பார்த்ததும், தேவைப்பட்டவர்களுக்கு உடனடியாக உறைகுளிர் சிகிச்சை கொடுத்ததும் பயிற்சி பெற்ற நர்சுகள்தான். ஊருக்குள்ளேயே முகாம், பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் ஏற்பாடு. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முகாமுக்கு வரலாம் என்று கூப்பிடப்பட்டவர்கள், 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள். வந்து பார்த்துக்கொண்டவர்கள் 31,343 பேர். காசு கேட்கவில்லை, பஸ் ஏறவேண்டியதில்லை, பார்ப்பவரும் பெண். இருந்தும் 17,968 பேர் வரவில்லை. வலியே இல்லாதபோது களையெடுப்பை விட்டுவிட்டு, மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் "இன்னதுக்காகப் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, தெருக்கோடி வரை அவர்கள் நடந்து வரவேண்டியிருந்தது.